எஸ் வளைவு வந்த வழி

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு எஸ் வளைவு தெரியாமல் இருக்காது. இடது ஓரத்தில் தரையோடு ஊர்ந்து, நடுவில் விறுவிறுவென்று ஏறி, மேலே போய் ஒரு கிடைக்கோட்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளும் கோடு. ஓர் உயிரினக் கூட்டம் எப்படிப் பெருகி எப்படி நிற்கிறது என்பதற்கான படம். பக்கத்திலேயே ஒரு சமன்பாடு, அதற்கு மேல் ‘வெர்ஹுல்ஸ்ட்–பேர்ல் லாஜிஸ்டிக் வளர்ச்சி’ என்று ஒரு தலைப்பு. வெர்ஹுல்ஸ்ட் யார், பேர்ல் யார் என்று புத்தகம் சொல்வதில்லை. அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே போட்டிருக்கும் சிறு கோட்டின் நீளம் 82 ஆண்டு.

கணக்கையும் உயிரியலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இன்று கல்லூரிகளில் நிறையப் பேசுகிறார்கள். இந்தச் சமன்பாடு பிறந்ததே இரண்டும் சேர்ந்துதான். பிரித்தது பிற்காலத்து வகுப்பறை.

இதன் முன்னோர் ஒரு கல்லூரி ஆசிரியர். தாமஸ் மால்தஸ் மக்கள்தொகை பற்றிய தன் புத்தகத்தை 1798இல் வெளியிட்டார். 1805 முதல் 1834இல் இறக்கும்வரை அவர் பாடம் நடத்தியது கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பழக்குவதற்காக இங்கிலாந்தில் நடத்திய கல்லூரியில். கலெக்டர் வேலைக்கு இந்தியாவுக்குக் கப்பலேறிய இளைஞர்கள் பலர் அவர் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள். தடையில்லாவிட்டால் மக்கள்தொகை இரட்டிப்பு இரட்டிப்பாகப் போகும், விளைச்சல் அப்படிப் போகாது என்றார் மால்தஸ். அப்படியானால் தொகை எந்த விதத்தில் மெதுவாகும், எங்கே நிற்கும்? அதற்குக் கணக்கு எதுவும் அவர் தரவில்லை.

அந்தக் கணக்கைப் போட்டவர் பியர் பிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட். 1804இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், 1825இல் கெண்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். உடம்பு சரியில்லையென்று 1830இல் இத்தாலிக்குப் போனார். போன இடத்தில் சும்மா இருக்காமல் போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதிக்கு ஓர் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதி நீட்டினார். ரோமை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். எதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்று போப்பிடமே போய்ச் சொன்னவர், ஊர் திரும்பி மக்கள்தொகைக்கு எல்லை கட்டப் போனதில் ஆச்சரியமில்லை. அவரைத் தூண்டியவர் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே. தொகை பெருகும் வேகம் கூடக்கூட அதற்கு எதிரான தடையும் கூடும் என்று கெட்லே ஊகமாகச் சொல்லியிருந்தார். அந்த ஊகத்துக்கு வெர்ஹுல்ஸ்ட் 1838இல், சில பக்கக் குறிப்பு ஒன்றில், வேறு உருவம் கொடுத்தார்.

சமன்பாட்டை வாயாலேயே சொல்லிவிடலாம். தொகை எவ்வளவு வேகமாக ஏறும்? இருக்கும் தொகையை அதன் இயல்பான பெருக்க விகிதத்தால் பெருக்குங்கள். மால்தஸ் இங்கேயே நின்றுவிட்டார். கிடைத்ததை இன்னொரு பின்னத்தால் பெருக்குங்கள்: மொத்தத்தில் எத்தனை பேருக்கு இடம் உண்டோ, அதில் இன்னும் எவ்வளவு காலி என்ற பின்னம். ஆரம்பத்தில் இடம் முழுக்கக் காலி, பின்னம் ஏறக்குறைய ஒன்று, தொகை தடையில்லாமல் ஏறும். பாதி நிறைந்தால் பின்னம் அரை. முழுக்க நிறைந்தால் சுழி. உயிரியல் புத்தகம் ‘தாங்குதிறன்’ என்று சொல்லிக் கே என்ற எழுத்தால் குறிப்பது அந்த மொத்த இடத்தைத்தான்.

பிரான்ஸ், பெல்ஜியம், ரஷ்யா, இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டம் ஆகியவற்றின் கணக்கெடுப்போடு அவர் இதை ஒப்பிட்டுப் பார்த்தார். ‘லாஜிஸ்டிக்’ என்ற பெயரை 1845இல் வைத்தார். பெல்ஜியத்தின் உச்சத் தொகை 66 லட்சம் என்று அந்த ஆண்டு சொன்னவர், இரண்டே ஆண்டில் தானே அதை 94 லட்சமாக மாற்றினார். இன்று அங்கே ஒரு கோடியே 15 லட்சத்துக்கு மேல் மக்கள். பாடப்புத்தகத்தில் இந்த விவரத்தை முதல் வரியாகப் போட வேண்டும் என்பேன். கே என்பது கல்லில் வெட்டிய எண் இல்லை என்று சமன்பாட்டைப் பெற்றவருக்கே இரண்டு ஆண்டில் தெரிந்துவிட்டதே!

1849இல் 44 வயதில் வெர்ஹுல்ஸ்ட் இறந்தார். சமன்பாட்டையும் சேர்த்தே மறந்துவிட்டார்கள்.

பிறகு அது வெவ்வேறு ஊரில் வெவ்வேறு ஆட்கள் கையில் புதிதாகப் பிறந்தது. அதில் ஒன்று நமக்கு நெருக்கமானது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஏ. ஜி. மெக்கெண்ட்ரிக், எம். கேசவ பாய் என்பவரோடு சேர்ந்து 1911இல் எடின்பரோ ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். நுண்ணுயிர்கள் எந்த வேகத்தில் பெருகுகின்றன என்பதைக் கணக்காகப் பார்க்கும் கட்டுரை. ஊட்டக் கரைசலில் கோலி பாக்டீரியாவை வளர்த்து எண்ணினார்கள். பெருகும் வேகம் இரண்டைப் பொறுத்தது என்றார்கள்: எத்தனை பாக்டீரியா இருக்கின்றன, எவ்வளவு உணவு மிச்சம். இரண்டையும் பெருக்கினால் வெர்ஹுல்ஸ்ட்டின் சமன்பாடே வந்து நிற்கிறது. வெர்ஹுல்ஸ்ட்டுக்குக் கிடைத்தது மெதுவாக ஊரும் சென்சஸ் கணக்கு மட்டும். இவர்களிடம் குழாயும் கரைசலும் எண்ணிக்கையும் இருந்தன. ‘காலி இடம்’ என்பதற்கு உணவு என்று தொட்டுக்காட்டக்கூடிய பொருளும் இருந்தது. மருத்துவரும் கணக்கும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. நம் பாடப்புத்தகத் தலைப்பில் கேசவ பாயின் பெயருக்கு இடமில்லாமல் போனதுதான் குறை.

இடம் பிடித்தவர் ரேமண்ட் பேர்ல். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த உயிரியலாளர். அவரும் லோவெல் ரீடும் 1790 முதல் எடுத்த அமெரிக்க சென்சஸ் எண்களுக்கு 1920இல் இந்த வளைவைப் பொருத்தினார்கள். வெர்ஹுல்ஸ்ட் என்று ஒருவர் இருந்ததே அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பேர்ல் பால் பாட்டில்களில் பழ ஈக்களை அடைத்து வளர்த்தார், எண்ணினார், அங்கேயும் எஸ். ஈஸ்ட்டிலும் எஸ். அதோடு விட்டிருக்கலாம். இதை வளர்ச்சியின் விதி என்றே பேசத் தொடங்கினார். அமெரிக்காவின் உச்சத் தொகை 19 கோடியே 72 லட்சத்து 70 ஆயிரம் என்று, பத்தாயிரம் சுத்தமாகக் கணக்குச் சொன்னார்கள். அந்த எண்ணை அமெரிக்கா 1960களின் பிற்பகுதியிலேயே தாண்டிவிட்டது. 2020 சென்சஸில் 33 கோடிக்கு மேல்.

கணிதவியலாளர் வில்லியம் ஃபெல்லர் 1940இல் இன்னொரு ஓட்டையைக் காட்டினார். எஸ் வடிவத்தில் வளையும் வேறு சமன்பாடுகளும் அதே தரவுக்கு அதே அளவு நன்றாகப் பொருந்துகின்றன. வளைவு பொருந்தியது என்பதால் மட்டும் அதன் பின்னால் இருக்கும் காரணம் நிரூபணமாகிவிடாது. முதலாம் ஆண்டு உயிரியல் மாணவருக்குக் கணக்கு வாத்தியார் சொல்லித்தர வேண்டிய விஷயங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். நான் பார்த்த பாடத்திட்டம் எதிலும் இது இல்லை.

இதற்குள் மாஸ்கோவில் கியார்கி காஸ் (கணித மேதை காஸ் வேறு) ஓட்ஸ் கரைசலில் பாரமீசியத்தை விட்டு, தினமும் எண்ணி, 1934இல் தன் 24ஆம் வயதில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஒரு சின்னக் குழாயில் ஐந்தாறாகத் தொடங்கிய பாரமீசியம் காடேட்டம் 375 அளவில் போய் நிற்கும் படம் பிற்காலப் பாடப்புத்தகங்கள் பலவற்றில் ஏறியது. யூஜின் ஓடம் 1953இல் எழுதிய சூழலியல் பாடநூல் எஸ் வளைவை உலகமெங்கும் இளநிலை வகுப்புக்குள் கொண்டுபோனது.

வகுப்புக்குள் போனதும் பாகப்பிரிவினை நடந்தது. படம் உயிரியலுக்கு, சமன்பாடு கணக்குக்கு. விலங்கியல் மாணவர் எஸ் வரைந்து பாகங்களைக் குறித்தார். கணித மாணவர் அதே சமன்பாட்டைப் பகுதிப் பின்னங்களாக உடைத்துத் தொகையிட்டு, மாறிலியைக் கண்டுபிடித்து, கீழே கோடு போட்டார். அது எதை எண்ணுகிறது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நம்மூரில் இந்தப் பிரிவினை இன்னும் முன்னாலேயே, பிளஸ் ஒன் சேர்க்கை அன்றே நடந்துவிடுகிறது. பயோ-மேத்ஸ் குரூப்பா, பியூர் சயின்ஸா? கணக்கு வராது என்று பியூர் சயின்ஸ் எடுத்த பிள்ளைதான் பிறகு பி.எஸ்சி. விலங்கியலுக்குப் போய் இந்தச் சமன்பாட்டின் முன்னால் நிற்கிறது. பயோ-மேத்ஸ் எடுத்தவருக்கும் பெரிய லாபமில்லை. அவருடைய கணக்குப் புத்தகத்தில் வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்திலும் பாக்டீரியா வரும்: 5 மணி நேரத்தில் மூன்று மடங்காகிறது, 10 மணி நேரத்தில் எத்தனை? ஒன்பது மடங்கு, முழு மதிப்பெண். அதே வேகத்தில் 5 நாள் விட்டால் ஒரு பாக்டீரியா 28,000 கோடியைத் தாண்டும். கணக்குப் புத்தகத்து பாக்டீரியாவுக்குப் பசியே கிடையாது. உயிரியல் புத்தகத்து பாக்டீரியாவுக்குப் பசி உண்டு, அதற்குக் கணக்குப் போடுவார் இல்லை. இரண்டு புத்தகமும் ஒரே பையில்தான் இருக்கின்றன.

2017 நீட் தேர்வில் இந்தச் சமன்பாடு ஒற்றை வினாவின் அளவுக்குச் சுருங்கி வந்தது. லாஜிஸ்டிக் வளைவில் தொலைத்தொடுகோடு எப்போது கிடைக்கும் என்பது கேள்வி. தொகையும் கேயும் சமமாகும்போது என்பது விடை. தொலைத்தொடுகோடு என்றால் வளைவு நெருங்கிக்கொண்டே போகும், தொடவே தொடாது என்பதைக் கணக்கு வகுப்பில் அதே பிள்ளைகள் படித்திருப்பார்கள். கீழேயிருந்து ஏறும் வளைவு எத்தனை நாள் ஆனாலும் சமமாவதில்லை. கணக்கை நம்பினால் விடையில் சந்தேகம் வரும், விடையை நம்பினால் மதிப்பெண் வரும்.

இதே சமன்பாட்டை மாணவர்கள் கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவர் 1976இலேயே மன்றாடியிருந்தார். ராபர்ட் மே, சிட்னியில் படித்த கோட்பாட்டு இயற்பியலாளர், பிறகு பிரின்ஸ்டனில் விலங்கியல் பேராசிரியர். அந்த ஆண்டு ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வந்த அவருடைய கட்டுரை, ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிட்டுச் சாகும் பூச்சிகளைப் போன்ற இனங்களை எடுத்துக்கொண்டது. அங்கே நொடிக்கு நொடி மாறும் வேகம் என்று எதுவும் இல்லை; இந்தத் தலைமுறை, அடுத்த தலைமுறை, அவ்வளவுதான். ஆகவே தொகையிடலும் வேண்டாம். தொகையை உச்ச அளவின் பின்னமாக எழுதி அதை எக்ஸ் என்று வைத்துக்கொண்டால், அடுத்த தலைமுறை என்பது ஆர் × எக்ஸ் × (1 − எக்ஸ்). பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

போனில் கால்குலேட்டரைத் திறந்து போட்டுப் பார்க்கலாம். ஆர் = 2, தொடக்கம் 0.2 என்று வையுங்கள். 0.32, 0.4352, 0.4916, 0.4999 என்று ஏறி 0.5இல் அடங்கிவிடும். சாதுவான எஸ் வளைவு. ஆரை 3.2 ஆக்கினால் அடங்காது, 0.513, 0.799 என்று ஓர் ஆண்டு பஞ்சம், ஓர் ஆண்டு பெருக்கம் என மாறிமாறி ஆடும். 3.5இல் நான்கு எண்கள் சுற்றிச்சுற்றி வரும். 3.57ஐத் தாண்டியபின் பெரும்பாலும் எந்த ஒழுங்கும் கண்ணில் படாது. 4இல் வைத்து 0.2இலிருந்து தொடங்குங்கள், ஒன்பதாம் தலைமுறையில் 0.96. தொடக்கத்தை 0.201 என்று ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றித் திரும்பப் போடுங்கள். ஒன்பதாம் தலைமுறையில் 0.45. வெளியிலிருந்து புயலோ நோயோ எதுவும் வரவில்லை. பூச்சித் தொகை கன்னாபின்னாவென்று ஏறி இறங்கினால் அதற்கு வெளிக்காரணம் இருந்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது. எளிய விதியிலிருந்து எளிய விளைவுதான் வரும் என்று நினைத்துக்கொண்டே மாணவர்கள் வெளியேறுகிறார்கள், அதனால் தொடக்கக் கணிதத்திலேயே இதைக் கொடுங்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் முடிவில் மே வைத்த கோரிக்கை.

கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். கோரிக்கை மெதுவாகத்தான் நகர்ந்தது. அமெரிக்காவின் பெலாய்ட் கல்லூரியில் ஜான் ஜங்க் போன்றவர்கள் 1986இல் தொடங்கிய பயோகுவெஸ்ட் என்ற கூட்டமைப்பு, மாணவர்கள் கணினியில் தாங்களே கேள்வி எழுப்பி விடை தேடும் பாடங்களை உருவாக்கியது. 2003இல் அந்த நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ‘பயோ 2010’ என்ற அறிக்கையில், நாளைய உயிரியலாளருக்குக் கணிதமும் கணினியும் பாடத்துக்குள்ளேயே கலந்து வர வேண்டும் என்று சொன்னது. கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் 2013இல் உயிரியல் மாணவர்களுக்கென்று தொடங்கிய கணிதப் பாடம்தான் எனக்குப் பிடித்த முயற்சி. சுறாவும் டூனாவும் ஒன்றையொன்று எப்படி ஏற்றி இறக்குகின்றன என்ற கேள்வியோடு அது ஆரம்பிக்கிறது. தொகையிடும் வித்தைகளை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும் ஆய்லர் முறையை நிரலாக எழுதவைக்கிறார்கள். முதலில் ஒரு வருடம் கணக்கைத் தனியாகப் படித்துவிட்டு வா, பிறகு உயிரியலில் பயன்படும் என்கிற பழைய வாக்குறுதி அங்கே இல்லை. அந்த வாக்குறுதியை எத்தனை தலைமுறை மாணவர்கள் நம்பிக் காத்திருந்தார்களோ.

இந்தியாவில் 2006 முதல் வந்த ஐசர் என்னும் அறிவியல் கல்வி நிறுவனங்களிலும், 2011இல் பெங்களூரு ஐஐஎஸ்சி தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பிலும், தொடக்கப் பருவங்களில் எல்லோரும் கணக்கும் உயிரியலும் சேர்த்துப் படிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு பாடத்தை ஒரே கால அட்டவணையில் வைப்பது வேறு, ஒரே கேள்விக்குள் வைப்பது வேறு. இரண்டாவதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. ஒரு தாள் போதும். டோர் கார்ல்சன் 1913இல் வெளியிட்டு, பேர்ல் 1925இல் பரப்பிய ஈஸ்ட் அட்டவணைதான் அந்தத் தாள்.

மணிக்கு ஒருமுறை அளந்த ஈஸ்ட்டின் அளவு: 9.6, 18.3, 29.0, 47.2, 71.1, 119.1, 174.6, 257.3, 350.7, 441.0, 513.3, 559.7, 594.8, 629.4, 640.8, 651.1, 655.9, 659.6, 661.8. ஒவ்வொரு எண்ணையும் அடுத்ததிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். 8.7, 10.7, 18.2 என்று ஏறும் வித்தியாசம் 93.4இல் உச்சம் தொட்டு இறங்குகிறது. அந்த உச்சம் ஈஸ்ட் 257இலிருந்து 351க்குப் போன மணி நேரத்தில். கடைசி அளவான 661.8இன் பாதி அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. வித்தியாசத்தை அந்தந்த மணியின் ஈஸ்ட் அளவால் வகுத்தால், 0.9இல் ஆரம்பித்து அங்கங்கே தடுமாறிக்கொண்டே இறங்கும் வரிசை வரும். அதை ஈஸ்ட் அளவுக்கு எதிராக வரைபடத்தாளில் குறித்தால், முதல் சில புள்ளிகள் சிதறினாலும், மற்றவை ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் சரிகின்றன. அந்தக் கோடுதான் வெர்ஹுல்ஸ்ட்டின் ‘இன்னும் எவ்வளவு காலி’. கழித்தலும் வகுத்தலும் போட்டு வரைந்தாயிற்று. பகுதிப் பின்னத்துக்கு வேலையே வரவில்லை.

கடைசிப் பகுதியில் ஓர் இடறல் இருக்கிறது. வித்தியாசம் 35.1, 34.6, திடீரென்று 11.4. ஈஸ்ட்டுக்கு அந்த மணியில் என்ன ஆயிற்று என்று கதை கட்டத் தோன்றும். பேர்ல் பொருத்திய வளைவின்படி 12, 13, 14ஆம் மணிகளின் அளவு சுமார் 601, 626, 641.5. அளந்தது 594.8, 629.4, 640.8. பிழை நூற்றுக்கு ஒன்று, அதற்கும் கீழே. அருகருகே இருக்கும் இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது சின்னப் பிழை பெரிதாக ஊதிக் காட்டுகிறது. இது கணக்குப் பாடம், வந்தது ஈஸ்ட்டிலிருந்து.

அடுத்து வரவேண்டியது உயிரியல் பாடம். ஈஸ்ட் ஏன் நின்றது? மெக்கெண்ட்ரிக்கும் கேசவ பாயும் சொன்னது போல உணவு தீர்ந்துவிட்டதா? ஈஸ்ட் தானே உண்டாக்கிய ஆல்கஹால் தேங்கிவிட்டதா? எதுவானாலும் வளைவு ஏறக்குறைய அதே வளைவு. சமன்பாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது வாய் திறக்காது. சர்க்கரை மீதமிருக்கும்போதே ஆல்கஹால் தேங்கி ஈஸ்ட் மொட்டுவிடுவது நின்றுபோவதை காஸ் தன் புத்தகத்தில் விவாதித்திருக்கிறார். நம்பாத மாணவர் மறுநாள் ஆய்வகத்தில் வளர்ச்சி நின்றுபோன ஈஸ்ட் குழாய்கள் மூன்றை எடுத்து, ஒன்றில் கொஞ்சம் சர்க்கரை போட்டு, ஒன்றின் கரைசலை மட்டும் புதிதாக மாற்றி, ஒன்றை அப்படியே விட்டுவிட்டு மணிக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.